தெற்கே போனார் என்று சொன்னேன்

பொலிஸ்காரர் வாசல் மிதியடியில் சப்பாத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதை நான் அப்போதே கவனித்தேன். வீட்டுக்குள் வருகிற சீருடைக்காரன் சப்பாத்துத் துடைத்ததை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே காற்று, வயலில் கிடந்த பனியை அள்ளி அள்ளி வீதியில் எறிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி ரூத், பொலிஸ்காரருக்குப் பின்னால் படிக்கட்டில் நின்றாள். எழுபது வயது தாண்டிய விதவை. அவளுடைய பண்ணை வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை எடுத்து நானும் தவம் அண்ணையும் குடியிருந்தோம்.

"உங்கள் நண்பர் எந்த வீதியால் ஓடப் போனார்?" என்று அவர் கேட்டார். இங்கிலீசில்தான் கேட்டார், ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கவில்லை என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

தவம் அண்ணை வடக்கே போயிருந்தார். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "குதிரைச் சுற்று ஓடிப்போட்டு வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

நான் யன்னலுக்கு அருகில் போய், கையை நீட்டித் தெற்கைக் காட்டினேன். "ரயில் பாதைப் பக்கம்," என்றேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

காளான் வாசம்

போன கிழமை இந்தப் பத்திரிகைத் தொடரில், நாங்கள் வேலை செய்த காளான் பண்ணையைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு பிறம்ரனில் இருந்து ஒரு சகோதரி தொலைபேசி எடுத்தார். "அங்கிள், உங்கட தொடரிலை ஒரு இடத்திலையும் சிரிப்பு வராதோ?" என்று கேட்டார். வந்தால் எழுதமாட்டேனா? ஒளித்து வைத்து என்ன செய்யப்போகிறேன். ஆனால் இந்தக் கிழமையும் அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் நல்லது.

தொண்ணூறுகளின் முற்பகுதி. நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதியாக வந்த புதிது. எங்கள் பண்ணை இருந்த ஸ்ரௌவ்வில்லில் இப்போது நம்மவர்கள் நாலு அறை வீடும் இரண்டு கார் கராஜுமாக இருக்கிறார்கள். அன்றைக்கு அது ஒரு சின்னச் சந்தை ஊர். ஒரே ஒரு பெரிய தெரு. சனிக்கிழமைகளில் சந்தை கூடும். பழைய சுத்தியலில் இருந்து உயிர்க்கோழி வரைக்கும் வாங்கலாம். தெருவைத் தாண்டினால் வயல்தான்.

பண்ணையில் வேலை செய்த மற்றத் தமிழ் ஆட்கள் எல்லாரும் ஸ்காபரோவில் இருந்து விடிய வான் வண்டியில் வந்து, பொழுதுபட அதிலேயே போனார்கள். எனக்கு வான் ஒத்துக்கொள்ளாது. மூன்று நாள் போய், மூன்று நாளும் சத்தி எடுத்தேன். மற்றவர்கள் என்னைக் கண்டதும் யன்னல் ஓரம் ஒதுக்கித் தருவார்கள், கையில் ஒரு பையையும் தருவார்கள். நாலாம் நாள் தவம் அண்ணை, "இவனோடை வாறதிலும் பாக்க இஞ்சையே கிடக்கலாம்" என்று சொல்லி, பண்ணைக்குக் கிட்ட வீடு தேடினார். அப்படித்தான் ரூத்தின் மேல்மாடி கிடைத்தது.

தவம் அண்ணை என்னைவிட நாலு வயது மூத்தவர். வடமராட்சிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடியவர். அவருடைய கால் மெலிந்து நீண்டு, முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் தெரியும். நடக்கும்போது பார்த்தால் நோயாளி மாதிரித் தோன்றும். ஓடும்போது பார்த்தால்தான் அந்தக் கால் எதற்கு என்று தெரியும்.

காளான் வளரும் அறைகளுக்கு வெளிச்சம் ஆகாது. நெற்றியில் லைற்றைக் கட்டிக்கொண்டு, சின்னக் கத்தியால் அடி வெட்டி எடுக்கவேண்டும். குதிரைச் சாணமும் வைக்கோலும் அவித்த எரு. அந்த வாசம் மயிருக்குள் போய்விட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. "வேர்த்தாத்தான் போகும்," என்றார் தவம் அண்ணை. எங்கள் ஓட்டம் அப்படித் தொடங்கியது. உடம்பைப் பேணவோ பெயர் எடுக்கவோ அல்ல, நாற்றம் போக.

மூன்று சுற்றுகள்

அந்தப் பக்கத்து வீதிகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருக்கும். வடக்கு தெற்காக ஓடுவதை லைன் என்பார்கள், கிழக்கு மேற்காகக் குறுக்கே பக்க வீதிகள். ஆகவே எங்கே ஓடினாலும் நாலு மூலையில் திரும்பி, பெட்டி மாதிரி ஒரு சுற்று ஓடித்தான் வீட்டுக்கு வரவேண்டும். நாங்கள் மூன்று பெட்டி வைத்திருந்தோம்.

முதலாவது சுடலைச் சுற்று. மதில் இல்லாத பழைய சவக்காலை ஒன்றைத் தாண்டிப் போகும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வேலை நாட்களுக்கு அதுதான்.

இரண்டாவது நாய்ச் சுற்று. தெற்கே, ரயில் பாதைவரை. அந்த வழியில் ஒரு பண்ணையில் கறுப்பு நாய் ஒன்று இருந்தது. குலைக்காது, சத்தமில்லாமல் பின்னால் வரும். தவம் அண்ணை அந்தப் பக்கம் தனியே போகவே மாட்டார். நான் கூட வந்தாலும் என்னை நாய் நிற்கிற பக்கமாக விட்டு, தான் வயல் பக்கமாக ஓடுவார். "நீ சின்னன். நாய் சின்ன ஆக்களைக் கடிக்காது," என்பார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மூன்றாவது குதிரைச் சுற்று. வடக்கே ஏற்றம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மேட்டின் உச்சியில் ஒரு குதிரைப் பண்ணை. வேலியில் தலையை வைத்துக்கொண்டு நாலைந்து குதிரைகள் நிற்கும். அவற்றின் மூக்கில் இருந்து ஆவி வரும். பிறகு இறக்கம். இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், செத்த நாணல், வீதிக்குக் கீழே தண்ணீர் போகக் குழாய். கோடையில் அந்த இடத்தில் தவளைச் சத்தம் காதைப் பிளக்கும். மாரியில் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மாரியில் இரண்டு காற்சட்டை போடுவோம். கையுறைக்கு மேல் காலுறையை மாட்டுவோம். பத்தாவது நிமிடத்தில் மீசை விறைத்துவிடும். நாசிக்குள் மயிர் ஒவ்வொன்றாகக் குத்தும். அது ஒரு நல்ல நோவு என்று இப்போது நினைக்கிறேன்.

வீதியில் எப்போதாவது ஒரு பிக்கப் வரும். ஓட்டிவருகிற கமக்காரர் ஸ்ரியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அந்த ஊரில் அதுதான் சுகம் கேட்பது. தவம் அண்ணை பதிலுக்கு முழுக்கையையும் தூக்கி ஆட்டுவார். கடந்து போன பிறகும் ஆட்டுவார்.

"கை காட்டாதேங்கோ அண்ணை. எங்களை அடையாளம் வச்சிடுவாங்கள்," என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் நின்று சிரித்தார். "இந்த ஊரிலை கறுத்த ஆக்கள் மொத்தம் ரெண்டு பேர். உனக்கு இனி என்னடா அடையாளம் வேணும்?"

ஐந்து நிமிட விசாரணை

அந்தச் சிரிப்பு எனக்கு வராததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஐயா தபாலதிபர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எண்பதுகளின் கடைசியில் ஒரு விடியற்காலை, ஆமிக்காரர் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். மூத்த மகன் எங்கே, ஐந்து நிமிடம் விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம், வேறொன்றுமில்லை. ஐயா நம்பினார். கிணற்றடியில் நின்ற அண்ணாவை அவரே குரல் கொடுத்துக் கூப்பிட்டார். "தம்பி, இஞ்சை ஒருக்கா வந்திட்டுப் போ."

அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவன் போனது போனதுதான்.

ஐயா அதற்குப் பிறகு பல வருடங்கள் உயிரோடு இருந்தார். ஆனால் வீட்டில் ஒருவரையும் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. சாப்பிட வரச்சொல்வதென்றாலும் எழும்பி வந்து தோளில் தொடுவார். நான் அந்த வீட்டில் இருந்து வந்தவன். சீருடை எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதோ அவ்வளவு பொய் சொல்லவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

அந்த ஜனவரியில் இன்னொரு விசயமும் நடந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவம் அண்ணைக்குக் கடிதம் வந்தது. அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டுவிட்டது. மேலே அப்பீல் போகலாம், பயப்படவேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அவர் பயப்படவில்லை. நான்தான் இரண்டு நாளாகப் படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனவே, ஞாயிறு பின்னேரம் பொலிஸ்காரர் வந்து நின்றபோது, தவம் அண்ணையைப் பிடித்து அனுப்பத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை. "இந்தக் குளிரில் இரண்டு மணித்தியாலமாக ஆளைக் காணவில்லை என்று இந்த அம்மா அறிவித்திருக்கிறார். கண்டுபிடித்துக் கூட்டிவரவேண்டும், வேறொன்றுமில்லை," என்றுதான் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் எங்கள் படலையிலும் சொன்னார்கள். ரூத்தைப் பார்த்தேன். கிழவி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

நேரம் பிந்துகிறதே என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் தவம் அண்ணை குதிரைகளோடு கதைத்துக்கொண்டு நின்றுவிடுகிறவர். அப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சதுப்பு நிலத்தடியில்

பொலிஸ் கார் தெற்கே திரும்புவதை யன்னலால் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வடக்கே ஓடினேன். அவரைக் காப்பாற்ற ஓடினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. வீட்டுக்கு வரவேண்டாம், பொலிஸ் நிற்கிறது என்று சொல்ல ஓடினேன்.

மேட்டில் அவர் இல்லை. குதிரைகளும் இல்லை, உள்ளே கட்டிவிட்டார்கள். இறக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். காற்று சத்தத்தைத் தின்றது.

குழாய் இருக்கிற இடத்தில், வீதிக்குக் கீழே, "இஞ்சை" என்று ஒரு குரல் கேட்டது.

பனிக்குக் கீழே ஐஸ் இருந்திருக்கிறது. வழுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்து, வலது கணுக்கால் முறிந்துவிட்டது. விழுந்த வேகத்தில் அந்தக் கால் ஐஸை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருக்கிறது. இழுத்து எடுத்துவிட்டார். ஆனால் சப்பாத்தும் காலுறையும் காலோடு சேர்ந்து விறைத்துக் கிடந்தன. ஏறி வர முயன்ற அடையாளம் பனியில் நாலைந்து இடத்தில் தெரிந்தது.

"நீ வருவாய் எண்டு தெரியும்," என்றார். உதடு சரியாக அசையவில்லை. "முதல் நொந்தது. இப்ப ஒண்டும் தெரியேல்லை."

நான் அவருடைய காலைப் பிடித்துப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. அவரை முதுகில் ஏற்றப் பார்த்தேன். பள்ளத்தின் சரிவில் இரண்டு தரம் சறுக்கி இருவருமாக விழுந்தோம். மூன்றாம் தரம் முயலும்போது, மேட்டில் இருந்து ஒரு வெளிச்சம் இறங்கி வந்தது. மெதுவாக வந்தது. பொழுது அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. நீலமும் சிவப்புமாகப் பனி நிறம் மாறியது.

தெற்கே தேடி இல்லையென்றதும் அவர் மற்ற வீதிகளையும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அது எனக்கு இப்போது தெரியும்.

"ஆரோ வாறாங்கள். ஏறிக் கையைக் காட்டு," என்றார் தவம் அண்ணை.

"அண்ணை, பொலிஸ். உங்களைத் தேடி வீட்டையும் வந்தவங்கள்."

"இருக்கட்டுமடா. கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் படுத்தேன். கார் எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. கதவு திறந்தது. பொலிஸ்காரர் இறங்கி நின்று, தவம் அண்ணையின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் தவம் அண்ணை வாயைத் திறந்தார்.

நான் கையால் அவருடைய வாயைப் பொத்தினேன்.

அவர் திமிறினார். அவ்வளவு பலம் இருக்கவில்லை. நான் மேலே விழுந்து அழுத்தினேன். அவருடைய மூச்சு என் கையுறைக்குள் சூடாக வந்து வந்து போனது. கதவு மூடியது. வெளிச்சம் எங்களைத் தாண்டிப் போயிற்று.

கையை எடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில், "சரி, தூக்கு" என்றார்.

குதிரைப் பண்ணைக்கு அரை மைல் ஏற்றம். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. நாலு அடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்தேன். கடைசியில் அவர் கதைப்பதை நிறுத்திவிட்டார். பண்ணைக்காரி கதவைத் திறந்ததும் ஐயோ என்றாள், தொலைபேசிக்கு ஓடினாள்.

அம்புலன்சுக்கு முதல் வந்தது அதே பொலிஸ்காரர்தான். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் முழங்காலில் இருந்து, தன்னுடைய தடித்த ஜக்கெற்றைக் கழற்றி, தவம் அண்ணையின் காலைக் குழந்தைப்பிள்ளையைச் சுற்றுவது மாதிரிச் சுற்றினார். "நீ நன்றாக இருப்பாய், நீ நன்றாக இருப்பாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சுவரோடு நின்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் அந்த வீட்டு நிலத்தில் குந்திவிட்டேன்.

மொழிபெயர்ப்பு

வலது காலில் ஐந்து விரலும் போயின. அதோடு பாதத்தின் முன்பக்கமும். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், தவம் அண்ணையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வழக்கு அடுத்த வருடம் மேலே போய்ச் சரிவந்தது. தவம் அண்ணை இப்போது விட்பியில் இருக்கிறார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார். ஓடுவதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. இந்தத் தொடரை அவர் வாசிக்கிறார் என்று அவருடைய மனைவி சொன்னார். இதையும் வாசிப்பார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது கிழமை, அந்தப் பொலிஸ்காரர் வந்தார். சீருடை இல்லை. சாதாரணச் சுவெற்றர் போட்டு, கையில் ஒரு பெட்டி டோனற் வைத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில், போர்வைக்குக் கீழே பள்ளமாகத் தெரிந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நான் சொல்வதை இவருக்குச் சொல்லுங்கள் என்றார்.

தன்னை மன்னிக்கவேண்டும் என்றார். அந்த இடத்தில் தான் இறங்கிக் கூப்பிட்டதாகவும், பதில் வராததால் போய்விட்டதாகவும், பள்ளத்தை எட்டிப் பார்த்திருக்கவேண்டும் என்றும் சொன்னார். இரவில் நித்திரை இல்லை என்றார். முதலில் தெற்கே போய் அவ்வளவு நேரத்தை வீணாக்கியதும் தன் பிழை என்றார். "உங்கள் நண்பர் தெற்கு என்று சொன்னார். பதற்றத்தில் சொல்லியிருப்பார். நான்தான் எல்லாப் பக்கமும் யோசித்திருக்கவேண்டும்."

நான் மொழிபெயர்த்தேன். தெற்கு என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

தவம் அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவருக்கு நான் நினைத்ததைவிட இங்கிலீஸ் தெரிந்திருக்கிறது.

"சொல்லு," என்றார். "தெற்காலை போறன் எண்டு நான்தான் இவனுக்குச் சொன்னனான். வழியிலை மனம் மாறி வடக்கை போனனான். இவனிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லு."

நான் அவருடைய போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லடா. அவர் கூப்பிடேக்கை நான் மயங்கிக் கிடந்தனான், இவன் அதுக்குப் பிறகுதான் வந்தவன் எண்டும் சொல்லு."

பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒவ்வொரு வசனமாக, பிழையில்லாத இங்கிலீசில், என் வாயாலேயே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். கிட்ட வந்து, கண் கலங்கி நின்ற என்னுடைய தோளில் கையை வைத்து, "உன் மேல் ஒரு பிழையும் இல்லை, நீதான் அவரைக் காப்பாற்றினாய்," என்றார்.

அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் தவம் அண்ணை.